சீனரும் அமெரிக்கரும் வேலையைப் பார்க்கும் விதம்: வேறுபாடு எங்கே இருக்கிறது?

கேள்வி: தறியோசை

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மின்னணுக் கருவிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். தலைமையகம் சீனாவின் ஷென்சென் நகரில் இருக்கிறது. என் குழுவில் பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே. திங்கட்கிழமைதோறும் எங்களுக்கு இரவு எட்டு மணிக்குக் காணொளிக் கூட்டம் நடக்கும். கோடைக் கணக்கில் அவர்களுக்கு அது செவ்வாய் காலை ஒன்பது மணி.

சென்ற மாதம் நடந்த ஒன்றைச் சொன்னால் என் கேள்வி விளங்கும். ஒரு மின்னேற்றியின் வெப்பச் சோதனை அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் தர முடியுமா என்று ஷென்சென் தலைமைப் பொறியாளர் கேட்டார். இங்குள்ள அமெரிக்க சக ஊழியர், "முடியாது, சோதனைக் கருவி ஒன்றுதான் இருக்கிறது, இன்னும் நான்கு நாள் வேண்டும்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அதே கேள்விக்கு ஷென்செனில் இருக்கும் எங்கள் குழுப் பொறியாளர், "முயன்று பார்க்கிறோம்" என்றார். கூட்டம் முடிந்த சிறிது நேரத்தில் அவரே எனக்கு வீசாட் என்னும் சீனக் குறுஞ்செய்திச் செயலியில் தனியாக எழுதினார்: "வெள்ளிக்கிழமைக்குள் வாய்ப்பே இல்லை. நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்."

இதுபோல் இன்னும் பல. அமெரிக்கர் ஐந்து மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போவதாக நாட்காட்டியிலேயே குறித்துவைக்கிறார். அதை இங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. ஷென்சென் மேலாளரோ அதைப் பொறுப்பின்மை என்று கருதுகிறார். மறுபுறம், அவர்கள் ஊரில் இரவு பத்து மணிக்கு வரும் பதில்களைப் பார்க்கும் அமெரிக்கர்கள், இவர்களுக்கு வேலையைத் தவிர வாழ்க்கையே இல்லை என்று இரக்கப்படுகிறார்கள். சீனரின் கன்பூசியஸ் மரபு, அமெரிக்கரின் புராட்டஸ்டண்ட் கிறித்தவ மரபு என்று படித்த விளக்கங்கள் எனக்குப் போதவில்லை. இரண்டு நாடுகளிலும் வேலை பார்த்தவர்கள், இந்த வேறுபாடு உண்மையில் எங்கிருந்து வருகிறது என்றும், நடுவில் இருக்கும் என் போன்றவர் எப்படி நடந்துகொள்வது என்றும் சொன்னால் நன்றியுடையவனாவேன்.


பதில் 1: நீலக்கடம்பு

நண்பருக்கு வணக்கம். சீனாவின் சூச்சோ நகரிலும் பின்னர் ஷென்செனிலும் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சீனர்கள் நீண்ட நேர உழைப்பை விரும்பி ஏற்றுக்கொள்பவர்கள் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். 1995-இல் நடைமுறைக்கு வந்த சீனத் தொழிலாளர் சட்டத்தின்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை; கூடுதல் நேரம் மாதத்துக்கு 36 மணியைத் தாண்டக் கூடாது. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, வாரத்துக்கு ஆறு நாள் என்னும் '996' முறை இந்தச் சட்டத்துக்கு நேர் எதிரானது. அதை அங்குள்ள நிரலாளர்கள் வாய்மூடிச் சுமந்துகொண்டிருக்கவில்லை. 2019 மார்ச்சில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் '996.ஐசியு' (996 வேலை தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் முடியும் என்று பொருள்) என்ற பக்கத்தைத் தொடங்கி, அப்படி வேலை வாங்கும் நிறுவனங்களைப் பட்டியலிட்டார்கள். அடுத்த மாதமே அலிபாபா நிறுவனர் ஜாக் மா, 996 முறையில் உழைக்கக் கிடைப்பது ஒரு பேறு என்று பேசப்போய், கடுமையான கண்டனத்துக்கு ஆளானார். 2021 ஆகஸ்டில் சீன உச்ச மக்கள் நீதிமன்றமும் மனிதவள அமைச்சகமும் சேர்ந்து பத்து வழக்குகளை எடுத்துக்காட்டாக வெளியிட்டு, இந்த முறை சட்டவிரோதம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டன.

பிறகு ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள்? தொழிற்சாலையில் ஒரு காரணம், அலுவலகத்தில் வேறு காரணம். தொழிற்சாலைத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம் பெரும்பாலும் அந்நகரின் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே இருக்கும். வாரநாள் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, அரசு விடுமுறை நாளில் மூன்று மடங்கு என்று சட்டம் வகுத்திருப்பதால், வீட்டுக்கு அனுப்பும் பணம் அந்தக் கூடுதல் நேரத்திலிருந்துதான் வருகிறது. ஊரை விட்டு வந்து விடுதியில் தங்கியிருப்பவருக்கு, மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்தால் செய்வதற்கும் ஒன்றுமில்லை. ஆகவே வேலைக்குச் சேர வருபவர் முதலில் கேட்பது, "இங்கே ஓவர்டைம் உண்டா?" என்பதைத்தான். நான் இருந்த ஆலையில் ஆர்டர் குறைந்து கூடுதல் நேரத்தை நிறுத்தியபோது, இரண்டு மாதத்துக்குள் திறமையானவர்கள் எதிர்வரிசை ஆலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு வேலை வெறி ஒன்றும் இல்லை. கடன் அடைப்பது, பிள்ளையைப் படிக்கவைப்பது, ஊரில் வீடு கட்டுவது என்று ஒரு கணக்கு இருந்தது. அது முடிகிற வரை உழைப்பது என்ற தீர்மானம் இருந்தது.

அலுவலகத்தில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் கூடுதல் நேரத்துக்குப் பணம் கிடையாது. ஆண்டு இறுதி ஊக்கத்தொகையும் தரவரிசையும்தான் உண்டு. அத்துடன் 35 வயது என்ற சுவர் இருக்கிறது. வேலை விளம்பரங்களிலேயே '35 வயதுக்கு உட்பட்டவர்' என்று வெளிப்படையாகப் போடுவார்கள். அரசுப் பணித் தேர்வுக்கும் நெடுங்காலம் அதுவே வரம்பாக இருந்தது. முப்பத்து மூன்று வயதில் வீட்டுக்கடனோடு இருக்கும் ஒருவர், ஒரு குழந்தைக் கொள்கைக் காலத்தில் உடன்பிறப்பில்லாமல் பிறந்து பெற்றோர் இருவரையும் தனி ஆளாகத் தாங்க வேண்டியவர், மேலாளர் எழுவதற்கு முன் நாற்காலியை விட்டு எழத் தயங்குவதைப் புரிந்துகொள்ளக் கன்பூசியஸ் வரை போக வேண்டியதில்லை. 1990களின் பிற்பகுதியில் அரசு ஆலைகளிலிருந்து கோடிக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டதை, குறிப்பாக வடகிழக்கு மாகாணங்களில், இன்றைய நடுவயதினர் சிறு வயதில் தம் வீட்டிலேயே பார்த்தவர்கள். வாழ்நாள் முழுதும் நிலைக்கும் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட வேலை ஒரே நாளில் போனதைக் கண்ட தலைமுறை அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேலை முடியும் நேரத்தை மட்டும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவீர்கள். ஷென்செனில் நான் இருந்த அலுவலகத்தில் பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் உணவகத்துக்குப் போவார்கள். பன்னிரண்டே முக்காலுக்குக் கூடத்தின் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். மேசைக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டில் வெளியே வரும். சிலரிடம் மெல்லிய போர்வை, கழுத்துத் தலையணை, கண்ணை மறைக்கும் துணி எல்லாம் இருக்கும். ஒன்றரை மணிக்கு விளக்கு எரிந்ததும் கட்டில்களை மடக்கி உள்ளே தள்ளிவிட்டு, முகம் கழுவி வந்து உட்காருவார்கள். மாலையில் நிறுவனச் செலவில் உணவு. மிகவும் தாமதமானால் வாடகை வண்டிக் கட்டணமும் கிடைக்கும். அந்த நாள் நீட்டி விரிக்கப்பட்ட நாள். அமெரிக்கர் மேசையிலேயே சாண்ட்விச்சைத் தின்றுகொண்டு வேலை பார்த்து ஐந்து மணிக்குக் கிளம்புகிறார். அது இறுக்கிக் கட்டப்பட்ட நாள். அலுவலகத்தில் இருக்கும் நேரம் வேறு, வேலை செய்யும் நேரம் வேறு. அதற்காகச் சீனர் குறைவாக உழைக்கிறார் என்று சொல்லவரவில்லை: 2023-இல் சீனத் தேசியப் புள்ளிவிவரப் பணியகம் கணக்கிட்டபடி, நிறுவன ஊழியர்களின் சராசரி வேலை நேரம் வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி. அது எந்த அளவுகோலிலும் அதிகம்தான்.


பதில் 2: மலர்விழி

நீலக்கடம்பு ஐயாவின் விளக்கம் அருமை. அமெரிக்கப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் 'ஐந்து மணிக்குக் கிளம்பும் அமெரிக்கர்' என்ற படமும் அரைகுறையானது.

1938-ஆம் ஆண்டின் நியாய உழைப்புத் தரச் சட்டம் வாரத்துக்கு நாற்பது மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு ஊதியம் என்கிறது. ஆனால் மாதச் சம்பளம் பெறும் நிர்வாகிகளுக்கும் தொழில்முறைப் பணியாளர்களுக்கும் பெரும்பாலும் அது பொருந்தாது. உங்கள் சக ஊழியர் மகளை அழைத்துவந்து, சாப்பாடு கொடுத்து, தூங்கவைத்த பிறகு ஒன்பது மணிக்கு மடிக்கணினியைத் திறக்கிறார். சீனர் அதே வேலையை அலுவலகத்தில், மேலாளரின் கண்முன் செய்கிறார். ஒருவர் இரவு வேலையை வீட்டுக்குள் மறைத்துவைக்கிறார், மற்றவர் வெளியே காட்டுகிறார். காரணம் எளிது: அமெரிக்க அலுவலகத்தில் ஒருவர் எப்போதும் தாமதமாக இருந்தால், அவருக்கு வேலையைத் திட்டமிடத் தெரியவில்லை என்று எண்ணிவிடுவார்கள்.

விடுப்பைப் பாருங்கள். சீனாவில் ஓராண்டு பணி முடித்தவருக்குச் சட்டப்படி 5 நாள் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு உண்டு. பத்தாண்டுக்குப் பின் 10 நாள், இருபதாண்டுக்குப் பின் 15 நாள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தனியார் ஊழியருக்கு ஒரு நாள்கூட இல்லை. நிறுவனம் கொடுத்தால் உண்டு. மகப்பேறு விடுப்பு சீனாவில் ஊதியத்துடன் குறைந்தது 98 நாள். இங்கே 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி 12 வாரம், அதுவும் ஊதியமில்லாமல், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் மட்டும். நான் என் குழந்தை பிறந்தபோது அந்த வாரங்களை எண்ணி எண்ணிச் செலவழித்தேன். சட்டப் புத்தகத்தை மட்டும் படித்தால், உழைப்பாளிக்கு இரக்கம் காட்டும் நாடு எது என்பதில் வேறு முடிவுக்குத்தான் வருவோம்.

வேலையை விட்டு நீக்குவதும் அப்படியே. 2008-இல் வந்த சீனத் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டப்படி, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். சட்டத்துக்குப் புறம்பாக நீக்கினால் அது இரட்டிப்பாகும். அதனால் பல நிறுவனங்கள் ஆளை நீக்காமல், அவராகவே விலகும்படி நெருக்குகின்றன. அமெரிக்காவில் மான்டானா தவிர எல்லா மாநிலங்களிலும், பாகுபாடு போன்ற தடைசெய்யப்பட்ட காரணங்கள் இல்லாதவரை, எந்த நேரத்திலும் போகச் சொல்லலாம். காலையில் அழைப்பு வரும், மதியத்துக்குள் கணினிக் கடவுச்சொல் வேலை செய்யாது. பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடும் அந்த வேலையோடு சேர்ந்தே போகும். இந்த நிலையில் அமெரிக்கர் நிறுவனத்தின் மீது பற்று வைக்காமல் தன் தொழில்திறன் மீது பற்று வைக்கிறார். 'நான் இந்த நிறுவனத்துக்காரன்' என்று சொல்வதைவிட 'நான் சோதனைப் பொறியாளன்' என்றே சொல்கிறார். கூட்டத்தில் துணிந்து 'முடியாது' என்பதற்கும் இது ஒரு காரணம்: தன் பெயரில் தவறான அறிக்கை வெளியே போவதை அவர் அதிகம் அஞ்சுகிறார்.


பதில் 3: ஒஹாயோவாசி

மேலே எழுதிய இருவரும் எல்லாவற்றையும் சட்டத்திலும் சம்பளத்திலும் அடக்கிவிட்டார்கள். நான் முழுவதும் உடன்படவில்லை. பண்பாடு உண்டு. அது வேலை நேரத்தில் இல்லை; மேலே இருப்பவரிடம் எப்படிப் பேசுவது, எதை யார் முன்னால் சொல்வது என்பதில் இருக்கிறது.

நான் வசிக்கும் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மொரைன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2008 டிசம்பரில் மூடப்பட்டது. 2014-இல் சீனாவின் ஃபுயாவ் கண்ணாடி நிறுவனம் அந்த இடத்தை வாங்கி, கார்க் கண்ணாடி ஆலையாக மாற்றியது. வேலை இழந்திருந்த பலர் முன்பைவிட வெகுவாகக் குறைந்த ஊதியத்துக்கு நன்றியோடுதான் சேர்ந்தார்கள். ஃபூஜியனிலிருந்து வந்த சீனத் தொழிலாளர்கள் குடும்பத்தைப் பிரிந்து, அமெரிக்கத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர்கள். இரு தரப்பிலும் உழைப்பாளிகள்தான். ஆயினும் உரசல் வந்தது. அமெரிக்கர் பாதுகாப்பு விதி எழுத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி நடக்க வேண்டும் என்றார். பணிப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2016-இல் அந்த ஆலைக்கு அபராதமும் விதித்தது. சீன மேற்பார்வையாளர்களுக்கு அமெரிக்கர்களின் வேகம் குறைவாகவும், எதிர்த்துப் பேசும் வழக்கம் அதிகமாகவும் தெரிந்தது. 2017 நவம்பரில் தொழிற்சங்கம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்து, 868-க்கு 444 என்ற கணக்கில் 'வேண்டாம்' வென்றது.

சீனாவில் சட்டப்படி இயங்கக்கூடிய தொழிற்சங்க அமைப்பு ஒன்றே ஒன்றுதான். அது கம்யூனிஸ்ட் கட்சியின் வழிகாட்டுதலில் நடப்பது. நிர்வாகத்துக்கு எதிரே நின்று பேசும் சங்கம் என்ற எண்ணமே அங்கே பழக்கப்பட்டவருக்குப் புதிது. அமெரிக்கருக்கோ, 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்திலிருந்து, அது உரிமை. இன்று பத்தில் ஒருவர்தான் சங்க உறுப்பினர் என்றாலும், நியாயம் கேட்பது குற்றமில்லை என்ற உணர்வு சங்கத்தில் இல்லாதவருக்கும் இருக்கிறது. உங்கள் ஷென்சென் பொறியாளர் கூட்டத்தில் மறுக்காததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பலர் முன்னிலையில் மறுத்தால் தலைமைப் பொறியாளருக்கு இழுக்கு. தனியாகச் சொன்னால் இருவர் மானமும் தப்பும். இதை எந்தச் சம்பளக் கணக்கும் விளக்காது.


பதில் 4: தறியோசை

மூவருக்கும் மிக்க நன்றி. ஒஹாயோவாசி அவர்களிடம் ஒரு சிறு ஐயம். எதிர்த்துப் பேசாதது சீனரின் இயல்பு என்றால், சீனாவில் வேலைநிறுத்தங்கள் நடப்பதை எப்படிப் புரிந்துகொள்வது? என் ஷென்சென் சக ஊழியர்களில் இளையவர்கள் சிலர் இப்போது பதவி உயர்வே வேண்டாம் என்கிறார்கள். எங்கள் மேலாளர் இதைக் கண்டு திகைத்துப்போயிருக்கிறார்.


பதில் 5: பழங்கணக்கு

இந்த ஐயத்துக்கு வரலாற்றில் நல்ல விடை இருக்கிறது. அமெரிக்காவின் முதல் கண்டங்கடந்த ரயில்பாதையை சியரா நெவாடா மலை வழியே அமைத்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் சீனத் தொழிலாளர்கள். 1867 ஜூனில் அவர்கள் ஆயிரக்கணக்கில், மலைச்சரிவு நெடுக, ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தினார்கள். மாதம் 40 டாலர் ஊதியம் வேண்டும், வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். கலவரம் இல்லை, கூச்சல் இல்லை. முகாம்களில் அமைதியாக இருந்தார்கள். சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் சார்லஸ் கிராக்கர் உணவு வரத்தைத் தடுத்துவிட்டார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் பட்டினி அவர்களைப் பணியவைத்தது. சிகாகோவில் எட்டு மணி நேர வேலைக்காக அமெரிக்கத் தொழிலாளர்கள் திரண்ட 1886-க்கு இது பத்தொன்பது ஆண்டு முந்தியது. 2010 மே மாதத்தில் ஃபோஷானில் ஹோண்டாவின் உதிரிபாக ஆலையில் இளம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது, சீனாவில் இருந்த அந்நிறுவனத்தின் கார் ஆலைகளே முடங்கின. ஊதிய உயர்வும் கிடைத்தது. எதிர்ப்பு இல்லாத மக்கள் என்று யாரும் இல்லை. எதிர்ப்பைச் சொல்ல வழி இருக்கிறதா, சொன்னால் என்ன இழப்பு என்பதைப் பொறுத்து அதன் வடிவம் மாறுகிறது. தனிக் கடிதமும் ஒரு வடிவம்தான்.

ஒஹாயோவாசி சொல்வதை நான் முழுதாக மறுக்கவில்லை. பலர் முன்னிலையில் மேலவரைத் திருத்தக் கூடாது என்ற மரியாதை சீனப் பணியிடத்தில் ஆழமானது. ஆனால் பண்பாடு அசையாத பாறை என்று நினைத்தால் இளையவர்களைப் புரிந்துகொள்ள முடியாது. 2021-இல் 'தாங் பிங்' என்ற சொல் சீன இணையம் முழுவதும் பரவியது. பந்தயத்திலிருந்து விலகிப் படுத்துக்கொள்வது என்ற நிலைப்பாடு அது. உழைத்தால் வீடு வாங்கலாம், மணம் முடிக்கலாம் என்ற கணக்கு பெருநகரங்களில் கூடாமல் போனபோது, அந்தக் கணக்கின் மேல் நின்ற உழைப்பும் தளர்ந்தது. அதே ஆண்டில், டிக்டாக் செயலியை உருவாக்கிய பைட்டான்ஸ் நிறுவனம், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஞாயிறு வேலை வாங்கும் வழக்கத்தை நிறுத்தியது. 2025-இல், வீட்டு உபயோகக் கருவிகள் தயாரிக்கும் மிடியா நிறுவனம் மாலை 6.20-க்குள் ஊழியர்கள் கிளம்ப வேண்டும் என்றது. அமெரிக்காவில் எதிர்த்திசையில் நடக்கிறது: 2022 அக்டோபரில் டுவிட்டரை வாங்கிய எலான் மஸ்க், அடுத்த மாதமே, கடுமையாக உழைக்கச் சம்மதமா, இல்லையேல் விலகலாம் என்று ஊழியர்களுக்கு எழுதினார்; சான் பிரான்சிஸ்கோவின் செயற்கை நுண்ணறிவுச் சிறு நிறுவனங்கள் சில, 996 என்ற சொல்லையே பெருமையாகச் சொல்லி ஆள் எடுக்கின்றன. எது சீனப் பழக்கம், எது அமெரிக்கப் பழக்கம் என்ற கோடு நம் கண்முன்னே நகர்ந்துகொண்டிருக்கிறது. அது நகர்கிற திசை எனக்குக் கவலை தருகிறது.


பதில் 6: நீலக்கடம்பு

நண்பர் தறியோசை கேட்ட இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. நான் கடைப்பிடித்ததைச் சொல்கிறேன்.

கூட்டத்தில் 'முடியுமா?' என்று கேட்கும் வழக்கத்தை நிறுத்தச் செய்யுங்கள். ஷென்சென் தரப்பில் அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் வரும். 'இதை முடிக்க எத்தனை கருவி வேண்டும், எத்தனை நாள் ஓட வேண்டும், எது தடையாக இருக்கிறது?' என்று கேட்டால், மறுக்காமலே மறுக்க வழி கிடைக்கும், மேலவருக்கும் இழுக்கில்லை. தேதி குறிக்கப்போகும் எதையும் கூட்டத்துக்கு முந்தின நாளே வீசாட்டில் தனித்தனியாகப் பேசி முடித்துவிடுங்கள். கூட்டம் என்பது அங்கே முடிவை அறிவிக்கும் இடம், முடிவெடுக்கும் இடம் அன்று. அமெரிக்க நண்பரிடம், அவர் சொன்னது சரி என்றும், அதையே ஒரு நாள் முன்னதாக எழுத்தில் அனுப்பினால் வேலை சுலபமாக முடியும் என்றும் சொல்லுங்கள். அவர் குரலை அடக்கச் சொல்லாதீர்கள்; அந்த அறிக்கையின் நம்பகத்தன்மையே அவர் 'முடியாது' என்று சொல்வதில்தான் இருக்கிறது.

நாட்காட்டியையும் சரிபாருங்கள். சீனாவில் நீண்ட விடுமுறைக்கு ஈடாக வார இறுதி நாள்களை வேலை நாளாக்குவார்கள். சீனப் புத்தாண்டான வசந்த விழாவையொட்டி ஆலைகள் முழு வேகத்துக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆகும், சிலர் ஊரிலிருந்து திரும்பாமலும் இருப்பார்கள். அமெரிக்கத் தரப்பு இதை அறியாமல் அந்தக் காலத்தில் மாதிரி கேட்டால் வீண் மனக்கசப்பு. அதேபோல நவம்பரின் நன்றி நவிலல் வாரத்தில் உங்கள் அலுவலகம் காலியாக இருக்கும் என்பதை ஷென்செனுக்கு அக்டோபரிலேயே எழுதிவிடுங்கள். இரவு எட்டு மணிக் கூட்டத்தை ஒரு வாரம் உங்கள் இரவிலும், மறுவாரம் அவர்கள் இரவிலும் மாற்றி மாற்றி வைக்கலாமா என்று உங்கள் மேலாளரிடம் ஒருமுறை தனியாகக் கேட்டுப்பாருங்கள். நான் இருந்த குழுவில் ஷென்சென் மேலாளர் அதற்கு உடனே சம்மதித்தார். அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.